கப்பல் நின்ற ஒரு பகல்

கப்பலில் போய் ஒரு நாள் ஊர் பார்த்து வருவது என்பது தோட்டத்து மக்களாகிய நமக்குக் கொஞ்சம் வேடிக்கையான சங்கதிதான். நம் பாட்டன்மாரும் கப்பலில்தான் வந்தார்கள். ஆனால் ஊர் பார்க்கவா வந்தார்கள்? என் தாத்தா 1936ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலில் ஏறி, அந்நாளில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர் வழங்கிய கிள்ளான் துறைமுகத்தில் இறங்கியவர். தட்டில் பாய் விரித்துப் படுத்து, வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு வந்ததாகச் சொல்வார். இறங்கியவர் சாகும்வரை மறுபடி கப்பல் ஏறவில்லை.

அவருடைய மகள், எழுபத்தாறு வயதான என் அம்மா, சென்ற பள்ளி விடுமுறையில் அதே கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் ஏறினார். தாத்தா இறங்கிய மேடை வேறு. உல்லாசக் கப்பல்கள் நிற்கும் மேடை இப்போது இண்டாத் தீவில் இருக்கிறது. என்றாலும், "எங்கப்பா இறங்கின தண்ணி இதுதானே?" என்று அம்மா ஏணிப் படியில் நின்று ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

டிக்கெட் எடுத்துக் கொடுத்தவன் என் தம்பி. "பஸ்ஸில் போனால் ஜொகூர்ப் பாலத்தில் மணிக்கணக்காக நிற்க வேண்டும். அம்மா முழங்காலுக்கு அது ஆகாது. கப்பலில் என்றால் படுத்துக்கொண்டே போகலாம்" என்றான். மூன்று இரவுப் பயணம். நடுவில் ஒரு பகல் கப்பல் சிங்கப்பூரில் நிற்கும். அம்மா, நான், பன்னிரண்டு வயதான என் மகள், ஆக மூன்று பேர்.

ஆசிரியத் தொழில் செய்பவளுக்கு நேர அட்டவணை போடாவிட்டால் சோறு இறங்காது. நானும் மகளும் உட்கார்ந்து ஒரு பயிற்சிப் புத்தகத்தில் கோடு போட்டு எழுதினோம். மெர்லயன் சிலை, மரினா விரிகுடா, செந்தோசாத் தீவு, சீனர் கடைத்தெரு, சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோவில், தேக்கா, பூமலை... மொத்தம் பதினோரு இடம். ஒவ்வொன்றுக்கும் இத்தனை நிமிடம் என்று பக்கத்தில் குறித்தோம். பள்ளிக்கூடத்தில் பாட வேளை பிரிப்பது போலவேதான்.

எழுதி முடித்ததும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "இதிலே உன் பெரியம்மா வீடு எங்கே இருக்கு?" என்றார்.

"இரண்டு மணிக்கு அம்மா. இரண்டரை வரைக்கும்."

"அரை மணி நேரமா?"

வேறொன்றும் சொல்லவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். என் மகள் என் முகத்தைப் பார்த்தாள்.

பெரியம்மாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அவரும் அம்மாவும் எங்கள் தோட்டத்து லயத்தில் பிறந்து, ஒரே ஆயாக்கொட்டகையில் வளர்ந்து, பக்கத்துப் பக்கத்து நிரையில் பால் வெட்டியவர்கள். பெரியம்மாவுக்கு 1964இல் கலியாணம். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில், செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை. அப்போது சிங்கப்பூரும் மலேசியாவில்தான் இருந்தது. அக்காளை அடுத்த ஊருக்குக் கட்டிக் கொடுத்ததாகத்தான் எல்லாரும் நினைத்தார்கள். மறு வருடம் ஆகஸ்டு 9ஆம் தேதி சிங்கப்பூர் தனி நாடாகப் பிரிந்தது. அடுத்த ஊருக்குப் போன அக்காள், இருந்த இடத்தில் இருந்தபடியே வேறு நாட்டுக்காரி ஆகிவிட்டார்! பிறகு வெள்ளைக்காரன் தளத்தை விட்டுப் போனான். பெரியப்பா கப்பல் பட்டறையில் சேர்ந்து ஓய்வு பெறும் வரை அங்கேயே உழைத்தார்.

அந்தப் பெரியப்பா 2021இல் காலமானார். கொவிட் நோய்க் காலம். 2020 மார்ச்சில் மூடிய எல்லை, 2022 ஏப்ரல் 1ஆம் தேதிதான் வழக்கம்போலத் திறந்தது. அம்மாவால் போக முடியவில்லை. அக்கா, அதாவது பெரியம்மாவின் மகள், கைத்தொலைபேசியில் படம் காட்டினார். உள்ளங்கை அகலத்தில் பெரியப்பா முகத்தையும், தலைகுனிந்து உட்கார்ந்திருந்த பெரியம்மாவையும் அம்மா பார்த்தார். எல்லை திறந்தபோது அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. பிறகு எனக்கு வேறு பள்ளிக்கு மாற்றல். அப்புறம் இது, அப்புறம் அது. இப்படியே ஆண்டுகள் ஓடிவிட்டன.

அன்று இரவு அம்மாவே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "போன்ல அழுதா அது அழுகையா? நான் இன்னும் அவளுக்குத் துக்கம் கேட்கலை. கட்டிப் பிடிச்சு அழலை. அவ வீட்டுக்குப் போகாம நீ என்னை எந்தச் சிங்கத்தைப் பார்க்கக் கூட்டிட்டுப் போறே?" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பெற்ற தாயின் மனத்தில் இத்தனை நாள் கிடந்த பாரத்துக்கு நான் ஒதுக்கியது முப்பது நிமிடம்.

புத்தகத்தில் புதுப் பக்கம் திருப்பினேன். இம்முறை முதலில் நேரத்தை எண்ணினேன். கப்பல் எட்டு மணிக்கு வரும், ஆறு மணிக்குக் கிளம்பும் என்று சீட்டில் போட்டிருந்தால் பத்து மணி நேரம் நம் கையில் இருப்பதாக நினைக்கக் கூடாது. இறங்கிக் குடிநுழைவுச் சோதனை முடித்து வெளியே வர ஒரு மணிக்கு மேல் ஆகும். மாலையில் ஐந்து மணிக்கெல்லாம் கப்பலுக்குள் இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறார்கள். மிச்சம் ஏழு மணி நேரம், கொஞ்சம் கூடக்குறைய. அதில் கிழவர்களின் நடை, கழிவறை, சாப்பாடு எல்லாம் அடக்கம்.

"சரி அம்மா, இறங்கியதும் நேரே பெரியம்மா வீடு. பிறகு தேக்காவில் அம்மன் கோவில்" என்றேன்.

அம்மா சிரித்துவிட்டார். "படிச்ச பிள்ளை! துக்கம் கேட்டுட்டுக் குளிக்காம கோவிலுக்குள்ள போவாங்களா? முதல்ல கோவில். அப்புறம்தான் அவ வீடு."

இதை எந்தப் பயணக் கையேடும் எனக்குச் சொல்லியிராது. கோவில் நடையும் மதியம் சாத்திவிடுவார்கள். அதனால் கணக்கு இரண்டு வகையிலும் பொருந்தியது. கோவில், பசியாறல், பெரியம்மா வீடு. மூன்றே மூன்று. நான்காவதாகப் பூமலையை மட்டும் அடைப்புக்குறிக்குள் எழுதி வைத்தேன். அது என் ஆசை. அதன் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

கப்பல் 2012இல் திறந்த மரினா விரிகுடாக் கப்பல் முனையத்தில் வந்து நின்றது. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் மரினா சவுத் பியர் ரயில் நிலையம் இருக்கிறது. அதில் ஏறி டோபி காட் நிலையத்தில் வண்டி மாறினால் அடுத்த நிலையமே தேக்கா. 'லிட்டில் இந்தியா' என்று பெயர் போட்டிருக்கும். இளவட்டங்களுக்கு அது போதும். அம்மாவின் காலுக்காக நாங்கள் டெக்சி பிடித்தோம். சிங்கப்பூர் வெள்ளி ஒன்றுக்கு நம் வெள்ளி மூன்றுக்கு மேல் போகிறது என்பதால் மீட்டர் ஓட ஓட எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் மூன்று இடத்துக்குத்தானே போகிறோம்! பதினோரு இடம் போயிருந்தால் சம்பளம் முழுக்க டெக்சிக்கே போயிருக்கும்.

சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோவிலை அந்நாளில் சுண்ணாம்புக் கம்பத்துக் கோவில் என்பார்களாம். சுற்றிலும் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. கூலி வேலைக்கு வந்த மக்கள் கட்டிக் கும்பிட்ட அம்மன். ஜப்பான்காரன் குண்டு போட்ட காலத்தில் அக்கம்பக்கத்தார் இந்தக் கோவிலுக்குள் வந்து ஒண்டிக்கொண்டு உயிர் தப்பினார்கள். இதை நான் மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா தூணோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அட்டவணை நீளமாக இருந்திருந்தால், "எழுந்திரிங்கம்மா, நேரமாச்சு" என்று நான் அவரை எழுப்பியிருப்பேன். அன்று எழுப்பவில்லை. அவராகக் கண் திறக்க இருபது நிமிடம் ஆயிற்று.

பிறகு பசியாறினோம். தேக்கா முழுக்க நம் சாப்பாடுதான். 1947இலிருந்து நடக்கும் கோமள விலாஸில் அம்மாவுக்கு இட்லியும் காப்பியும். வெளியே வந்தால் எருமைச் சாலை. காய்கறிக் கடை, வெற்றிலைக் கடை, பூக்கடை. எருமைச் சாலை என்று ஏன் பெயர் என்று மகள் கேட்டாள். அந்த இடத்தில் முன்பு மாட்டுக் கொட்டில்களும் மாட்டு வியாபாரமும் இருந்தன. மலாய்க்காரர்கள் அதைக் காண்டாங் கெர்பாவ், எருமைக் கொட்டில் என்றார்கள். மாடு மேய்க்கவும் பால் கறக்கவும் வந்தவர்களில் நம்மவர்களும் உண்டு. "நாம மரத்துல பால் எடுத்தோம், இவங்க மாட்டுல எடுத்தாங்க" என்றார் அம்மா. பூக்கடைக்காரப் பெண் அதைக் கேட்டுச் சிரித்து, ஒரு முழம் கூடுதலாகவே அளந்து கொடுத்தார். ஆனால் அம்மா அதை மகள் தலையில் வைத்தார், தாம் வைத்துக்கொள்ளவில்லை. அக்காள் வீட்டுக்குப் பூ வைத்துக்கொண்டு போக மனம் வரவில்லை போலும்.

பெரியம்மா வீடு அங்கிருந்து தூரமில்லை. ஓவன் சாலைப் பக்கம் ஓர் அடுக்குமாடி வீடு. மின்தூக்கி திறந்ததும், நடைபாதையில் பெரியம்மா தள்ளுவண்டியில் உட்கார்ந்து வழி பார்த்துக்கொண்டிருந்தார். எண்பத்திரண்டு வயது. காலையிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருப்பதாக அக்கா சொன்னார்.

இருவரும் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போனதும் பெரியம்மா, "கதவைச் சாத்து. பக்கத்து வீட்டுச் சீனத்தம்மா பயந்துடுவா" என்றார். கதவைச் சாத்தினோம். அம்மா மெல்லக் கீழே உட்கார்ந்து, அக்காளின் மடியில் தலை வைத்து, நம் தோட்டத்தில் எழவு வீட்டில் அழுவார்களே, அப்படி ராகமிழுத்து அழ ஆரம்பித்தார். அத்தான் வாங்கிக் கொடுத்த சேலையிலிருந்து, அவர் லயத்துக்கு முதல் முதலாக மாப்பிள்ளையாக வந்து சேற்றில் வழுக்கி விழுந்தது வரை ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதார். பெரியம்மாவும் அழுதார். இடையில் அந்த வழுக்கி விழுந்த கதை வந்தபோது இருவருக்கும் சிரிப்பும் வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதார்கள்.

அக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அப்பா போனப்ப வீட்டுல யாரும் வாய் விட்டு அழலை. வரக்கூடிய ஆளுக்கே கணக்கு. முகத்துல துணி. அம்மா அன்னைக்கு ஒரு சொட்டு அழலை. இன்னைக்குத்தான் அழறாங்க."

என் மகள் கையில் பயிற்சிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். நான் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன்.

பிறகு ரசமும் நெத்திலிச் சம்பலும் சோறும். சாப்பிடும்போதுதான் அந்தப் பூமலைப் பேச்சு வந்தது. பூமலை என்று நம்மவர்கள் சொல்வது சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தை. நான் நான்காம் ஆண்டு மாணவர்களுக்குப் பாடம் நடத்தும்போது ஒவ்வொரு வருடமும் சொல்வேன்: நம் பால்மரத்தின் சொந்த ஊர் பிரேசில். 1876இல் விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் ஏறத்தாழ எழுபதாயிரம் விதைகளை அங்கிருந்து இலண்டனுக்குக் கொண்டுபோனார். கியூ தோட்டத்தில் முளைத்தவற்றில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. சில கன்றுகள் நம் கோலகங்சாருக்கும் போயின. 1888இல் இந்தத் தோட்டத்துக்குத் தலைவராக வந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல், பட்டையை மெல்லியதாகச் சீவிச் சீவிப் பல வருடம் பால் எடுக்கும் முறையைக் கண்டார். பார்க்கும் துரைமார் சட்டைப் பையிலெல்லாம் விதையைத் திணித்ததால் அவரைப் 'பைத்தியக்கார ரிட்லி' என்றார்கள். 1896இல் மலாக்காவில் டான் சே யான் என்ற சீனர்தான் முதலில் அவர் பேச்சை நம்பிப் பெரிய அளவில் நட்டார். அதற்குப் பிறகு காடெல்லாம் ரப்பர், ரப்பருக்கெல்லாம் ஆள், ஆளுக்காகக் கப்பல், கப்பலில் என் தாத்தா. இத்தனைக்கும் தொடக்கமான இடத்தை ஒரு முறை பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

நான் ரிட்லியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்ததும் பெரியம்மா, "எனக்குத் தெரியாதா அந்த இடம்? கலியாணம் ஆன புதுசுல உங்க பெரியப்பா சிங்கப்பூரைச் சுத்திக் காட்டறேன்னு அங்கதான் முதல்ல கூட்டிட்டுப் போனாரு. பூவெல்லாம் காட்டிட்டுக் கடைசியா ஒரு பால்மரத்துக்கிட்ட நிறுத்தி, 'பார், உங்க ஊர் மரம்'னாரு. எனக்கு அங்கேயே அழுகை வந்துடுச்சு. விடியக்காலம் இவளும் நானும் வெளக்கு கட்டிக்கிட்டுப் போறது ஞாபகம் வந்துடுச்சு. இதைப் பார்த்தா அழறேன்னு அந்த மனுசன் பயந்தே போயிட்டாரு" என்றார்.

அம்மா சோற்றுக் கையோடு நிமிர்ந்தார். "அந்த மரத்தை நான் பார்க்கணும்" என்றார்.

பெரியம்மாவை ஆஸ்பத்திரிக்குத் தவிர வேறெங்கும் வெளியே கூட்டிப் போய் ஒரு வருடம் ஆகிறதாம். அக்கா யோசித்தார். பிறகு அவரே இரண்டு டெக்சிக்குச் சொல்லிவிட்டார். தள்ளுவண்டியை மடக்கிப் பின்னால் போட்டுக்கொண்டு, கால் மணியில் பூமலையில் இருந்தோம். உள்ளே போகக் கட்டணம் இல்லை. ஆர்க்கிட் பூத் தோட்டத்துக்கு மட்டும் தனிச் சீட்டு. 1859இல் தொடங்கிய இந்தத் தோட்டத்தை 2015இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமாக ஏற்றது. பாதைகள் வழவழப்பாக இருந்ததால் தள்ளுவண்டி தடங்கல் இல்லாமல் உருண்டது.

பால்மரம் எங்கே என்று தெரியாமல் திகைத்தபோது, இலை கூட்டிக்கொண்டிருந்த ஓர் இளைஞர் தமிழில் பேசினார். அறந்தாங்கிப் பக்கமாம், வந்து மூன்று வருடம் ஆகிறதாம். அவரே வழி காட்டினார்.

ரிட்லி காலத்து மரமா, பின்னால் நட்டதா, பெரியப்பா காட்டிய மரம்தானா, எங்களுக்குத் தெரியாது. பெரியம்மாவும் அதைக் கேட்கவில்லை. தள்ளுவண்டியிலிருந்து கையை நீட்டி மரத்தைத் தொட்டார். அம்மா கிட்டே போய், ஆட்காட்டி விரலை வைத்து, இடமிருந்து வலமாகச் சாய்வாக ஒரு கோடு இழுத்தார். உளி பிடிக்கும் பாங்கு அந்த விரலில் அப்படியே இருந்தது.

"காயம் பண்ணிடாதே, தண்டல் வருவாரு" என்றார் பெரியம்மா.

"நீதான் காயம் பண்ணுவே. உன் மரத்தையும் நான்தானே திருத்தி வெட்டுவேன்!"

எண்பத்திரண்டும் எழுபத்தாறும் பதினைந்தும் ஒன்பதுமாக மாறிச் சண்டை போட்டதை நானும் அக்காவும் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் பாடத்தில் நடத்தும் அந்த 22 கன்றுகளைப் பற்றி வாயே திறக்கவில்லை. அங்கே அதைச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

திடீரென்று மழை. கூரை ஓரத்தில் ஒண்டினோம். மணி நான்கு. டெக்சி கிடைக்கவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அம்மா மட்டும் அக்காளின் தலையில் முந்தானையைப் போர்த்திவிட்டு நிதானமாக நின்றார். இருபது நிமிடம் கழித்து வண்டி வந்தது. நாங்கள் துறைமுகத்துக்கு, அவர்கள் வீட்டுக்கு. "அடுத்த முறை நான் வர்றேன்" என்றார் பெரியம்மா. "வா" என்றார் அம்மா. அந்தப் பேச்சின் மதிப்பு இருவருக்கும் தெரியும்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கப்பலுக்குள் வந்து சேர்ந்தோம். பொழுது சாய்ந்ததும் மேல்தளத்தில் நின்று பார்த்தால், சிங்கப்பூரின் பெரிய கட்டடங்கள் எல்லாம் விளக்குப் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றன. மகள் தன் புத்தகத்தில் பழைய பட்டியலை எடுத்து, பார்வைக்கு எட்டியவற்றுக்கெல்லாம் சரி போட்டாள். மெர்லயனுக்கு நேரே மட்டும், 'அடுத்த விடுமுறை' என்று எழுதினாள்.

இரவு விளக்கை அணைத்த பிறகு அம்மாவின் குரல் கேட்டது. "ரசத்துல உப்பு கம்மி. இத்தனை வருசமாகியும் அவளுக்கு உப்புப் போடத் தெரியலை." சற்று நேரத்தில் குறட்டை விட்டுத் தூங்கினார். வீட்டில் இரவு மூன்று முறை எழுந்து உட்காருபவர் அவர்.

இப்படி ஒரு பயணம் போக நினைக்கும் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள். கடப்பிதழ் ஆறு மாதமாவது செல்லுபடியாகுமா என்று முன்கூட்டியே பாருங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையைப் போய்ச் சேர்வதற்கு முந்திய மூன்று நாளுக்குள் கைத்தொலைபேசியிலேயே நிரப்பலாம். அரசாங்கத்தின் பக்கத்தில் அதற்குக் கட்டணம் கிடையாது. வெற்றுச் சுவிங்கம் பொட்டலம் கூடக் கொண்டு போகாதீர்கள். 1992இலிருந்து அங்கே அதற்குத் தடை. கப்பல் கிளம்பும் நேரத்தை விட்டுவிட்டு, ஏற வேண்டிய கடைசி நேரத்தைக் கையில் எழுதிக்கொள்ளுங்கள். வெயிலுக்கும் மழைக்கும் ஒரு குடை. பெரியவர்களுக்கு மாத்திரை. இடங்கள் மூன்றுக்கு மேல் வேண்டாம்.

எல்லாம் எழுதி முடித்த பிறகு அந்த அட்டவணையை வீட்டில் இருக்கும் வயதானவர் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். அவர் எதை எங்கே என்று கேட்கிறாரோ, அதை முதல் வரியில் எழுதுங்கள். மற்றதைக் கப்பல் தட்டில் நின்றுகூடப் பார்த்துக்கொள்ளலாம்.